துளை சின்னது, கவனம் பெரியது: நீர்க்கட்டி ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டில் பார்க்க வேண்டியவை

(திருவொற்றியூரில் நடந்த மகளிர் குழுக் கூட்டம் ஒன்றில் மகளிர் நல மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நேரில் வந்திருப்பவர்களுக்கும், இதைக் கைப்பேசியில் படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கும் ஒரு கேள்வி. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கையில் ஒரு தாள் கொடுப்பார்களே, டிஸ்சார்ஜ் சம்மரி, அதை உங்கள் வீட்டில் யார் படிக்கிறார்கள்? பெரும்பாலும் மருந்துக்கடைத் தம்பிதான் படிக்கிறார். அவரும் மாத்திரை பெயர் இருக்கும் பக்கத்தை மட்டும்தான் பார்க்கிறார். பிறகு அது பீரோவில் ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறது.

அந்தத் தாளின் கடைசியில் இரண்டு வரி இருக்கும்: 'காய்ச்சல், வயிற்று வலி, வாந்தி இருந்தால் உடனே வரவும்.' இன்றைக்கு நான் பேசப்போவது அந்த இரண்டு வரியைப் பற்றித்தான்.

எர்ணாவூர் பக்கத்துப் பெண் ஒருவர். வயது முப்பதுக்குள். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். சினைப்பையில் கட்டி. வெளியே ஓர் ஆஸ்பத்திரியில் லேப்ராஸ்கோப்பி முறையில் எடுத்தார்கள். மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டார். மூன்றாம் நாள் வரைக்கும் நன்றாக இருந்தார். நாலாம் நாள் வயிறு லேசாக உப்பியது. இரண்டு மூன்று தடவை பேதி போனது. இடது பக்கத் துளையில் மட்டும் ஒரு வலி. காய்ச்சல் இல்லை. மாமியார் நல்ல மனுஷி. "ஆபரேஷன்ல காத்து அடைச்சாங்க இல்ல, அந்தக் காத்துதாம்மா" என்று ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்தார். கடையில் கேஸ் மாத்திரை வாங்கினார்கள். கணவருக்குக் கன்டெய்னர் யார்டில் நைட் ஷிப்ட். ஆறாம் நாள் ராத்திரி அந்தப் பெண்ணுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கைகால் சில்லிட்டது. அப்போதுதான் 108-க்கு அடித்தார்கள்.

குடலில் ஒரு சின்ன ஓட்டை. வயிறு முழுக்கச் சீழ். பெரிய கீறல் போட்டுத் திறந்து, கழுவி, குடலைச் சரிசெய்து, கொஞ்ச காலத்துக்கு வயிற்றில் பை வைக்க வேண்டியதாயிற்று. பிழைத்துக்கொண்டார். பையையும் சில மாதம் கழித்து எடுத்து மூடிவிட்டோம். ஆனால் நாலாம் நாளே வந்திருந்தால் இவ்வளவு பட்டிருக்க வேண்டியதில்லை. அந்த இரண்டு நாளை அந்த வீடு எங்கே விட்டது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். யாரும் அலட்சியமாக இல்லை. எல்லோரும் அக்கறையாகத்தான் இருந்தார்கள். எதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம்

நம் ஊரில் எல்லாவற்றுக்கும் 'நீர்க்கட்டி' என்று ஒரே பெயர். மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருகிறது, முகத்தில் முடி வளர்கிறது, ஸ்கேனில் சின்னச் சின்ன முத்து மாதிரி தெரிகிறது என்றால் அது பிசிஓடி. அது ஹார்மோன் கோளாறு. அந்த முத்துகளை ஒவ்வொன்றாக ஆபரேஷன் செய்து எடுப்பது அதற்கு வைத்தியம் இல்லை. உணவு, நடை, எடைக் குறைப்பு, தேவைப்பட்டால் மாத்திரை.

நான் இன்று பேசுவது வேறு. சினைப்பையில் தனியாக ஒரு கட்டி வளர்வது. சிலது வெறும் நீர். மாதச் சுழற்சியில் வரும் இப்படிப்பட்ட கட்டிகளில் பெரும்பாலானவை இரண்டு மூன்று மாதத்தில் தானாகவே கரைந்துவிடும். அதனால்தான் டாக்டர் உடனே கத்தியை எடுக்காமல், "மறுபடி ஸ்கேன் பார்த்துட்டு வாங்க" என்கிறார். சிலது டெர்மாய்டு. உள்ளே கொழுப்பு, முடி, சில சமயம் பல்கூட இருக்கும். செய்வினை அது இதென்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பிறக்கும் முன்பிருந்தே சினைப்பையில் இருக்கும் செல்கள் செய்யும் வேலை அது. இன்னும் சிலது பழைய ரத்தம் தேங்கிய 'சாக்லேட் கட்டி'. இவையெல்லாம் பெரும்பாலும் புற்றுநோய் அல்லாத சாதாரணக் கட்டிகள்தான்.

அப்படியானால் ஏன் எடுக்கிறோம்? பெரிதானால் சினைப்பையோடு சேர்த்து முறுக்கிக்கொள்ளும். ரத்த ஓட்டம் நின்று சினைப்பையே போய்விடலாம். சிலது உடையும். சிலது வலியைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே, நான் சொல்வதையெல்லாம் கேட்டுவிட்டு "ஆபரேஷனே வேணாம்டி" என்று முடிவு செய்துவிடாதீர்கள். அது இதைவிடப் பெரிய ஆபத்து.

1809-இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் எஃப்ரெய்ம் மெக்டொவல் என்ற மருத்துவர், ஜேன் டாட் க்ராஃபர்ட் என்ற பெண்ணின் வயிற்றைத் திறந்து சினைப்பைக் கட்டியை எடுத்தார். மயக்க மருந்தே கண்டுபிடிக்காத காலம். அந்த அம்மா அத்தனை வலியையும் தாங்கிப் பிழைத்தார். அங்கிருந்து இன்றைக்கு எங்கே வந்திருக்கிறோம் பாருங்கள். தொப்புளில் ஒரு துளை, பக்கத்தில் இரண்டு மூன்று துளை. ஒவ்வொன்றும் 5 மில்லிமீட்டரிலிருந்து 10, 12 மில்லிமீட்டர் வரை. கேமரா வழியாகப் பார்த்து, கட்டியை மட்டும் உரித்து எடுத்துவிட்டு சினைப்பையைக் காப்பாற்றுகிறோம். வலி குறைவு, தழும்பு சின்னது, சீக்கிரம் வீடு திரும்பலாம்.

அந்தச் சீக்கிரம்தான் நாம் கவனிக்க வேண்டிய இடம். வயிற்றைக் கிழித்து ஆபரேஷன் செய்த காலத்தில் ஒரு வாரம் வார்டில் படுத்திருப்பீர்கள். காலையும் மாலையும் சிஸ்டர் நாடி பார்ப்பார், வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். இப்போது அந்த வாரம் உங்கள் வீட்டில் கழிகிறது. சிஸ்டர் செய்த வேலையை வீட்டில் ஒருவர் செய்தாக வேண்டும்.

எதெல்லாம் சகஜம்?

முதல் இரண்டு மூன்று நாள் தோள்பட்டையில் வலிக்கும். "வயித்துல ஆபரேஷன், தோள்ல ஏன் வலி?" என்று பயப்படுவார்கள். கேமரா தெரிவதற்காக வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவை நிரப்புகிறோம். மிச்சம் இருக்கும் கொஞ்சம் வாயு உதரவிதானத்தை உறுத்தும். அந்த இடத்து நரம்புக்கும் தோள்பட்டைக்கும் தொடர்பு உண்டு. அதனால் வலி தோளில் தெரிகிறது. நடந்தால் குறையும். இரண்டு மூன்று நாளில் உடம்பே அந்த வாயுவை உறிஞ்சிக்கொள்ளும்.

இதை நன்றாக மனதில் வையுங்கள். அந்த வாயு இரண்டு மூன்று நாளுக்குத்தான். நாலாம் நாள் புதிதாக வயிறு உப்பினால் அது ஆபரேஷன் காற்று இல்லை.

துளையைச் சுற்றி லேசான நீலம், கொஞ்சம் வெள்ளைபடுதல், சில நாள் சிறிதளவு ரத்தக்கசிவு, மயக்க மருந்துக்குக் குழாய் வைத்ததால் தொண்டை கரகரப்பு, களைப்பு, ஒரு நாள் குமட்டல் இவையும் சகஜம்தான்.

ஒரே ஒரு விதி

நிறைய அறிகுறிகளைச் சொல்லப்போகிறேன். எல்லாம் நினைவில் இருக்காது. அதனால் ஒரே ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள்.

நேற்றைவிட இன்று நன்றாக இருக்க வேண்டும். இன்றைவிட நாளை நன்றாக இருக்க வேண்டும்.

நுண்துளை ஆபரேஷனுக்குப் பிறகு உடம்பு ஏணிப்படி மாதிரி ஒவ்வொரு படியாக ஏறும். மெதுவாக ஏறலாம், பரவாயில்லை. ஆனால் கீழே இறங்கக் கூடாது. மூன்றாம் நாள் நடந்து பாத்ரூம் போனவர் நாலாம் நாள் எழுந்திருக்கவே கஷ்டப்படுகிறார், நேற்று இட்லி சாப்பிட்டவர் இன்று கஞ்சிகூட வேண்டாம் என்கிறார் என்றால், அது ஒரு படி இறங்கியதுதான். வலி எவ்வளவு என்று கேட்காதீர்கள். நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று கேளுங்கள்.

அபூர்வமாக வருபவை, நாள் வரிசையில்

இவை அபூர்வம் என்பதை மறுபடி சொல்கிறேன். பெரும்பாலானோருக்கு எதுவும் வராது. வந்தால் எப்போது, எப்படி வரும் என்று தெரிந்திருப்பதற்காகச் சொல்கிறேன்.

முதல் 48 மணி நேரம், ரத்தக்கசிவு. துளையில் வெளியே தெரிவது பெரும்பாலும் சின்ன விஷயம். உள்ளே கசிந்தால் கண்ணுக்குத் தெரியாது. நாடி வேகமாக அடிக்கும், எழுந்தால் தலை சுற்றும், முகம் வெளுக்கும், வியர்க்கும், வயிறு இறுகும். இது 108-க்குக் கூப்பிட வேண்டிய விஷயம்.

முதல் நாள், சிறுநீர். ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகவில்லை, அடிவயிறு முட்டுகிறது என்றால் தாமதிக்காமல் சொல்லுங்கள். ஒரு குழாய் வைத்தால் பல சமயம் தீர்ந்துவிடும்.

இரண்டாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை, குடல். எர்ணாவூர்ப் பெண்ணுக்கு வந்தது இதுதான். உலகெங்கும் வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை, பெண்களுக்கான லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன்களில் சுமார் 770-இல் ஒன்றில் குடலில் காயம் ஏற்படுவதாகச் சொன்னது. அவர்களில் பத்தில் நான்கு பேருக்கு ஆபரேஷன் சமயத்தில் காயம் தெரியவில்லை, பிறகுதான் தெரிந்தது. அந்தத் தொகுப்பில் உயிரிழந்தவர்கள் எல்லோரும் தாமதமாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள். நோய் அபூர்வம்தான், ஆனால் தாமதம்தான் கொல்கிறது.

ஏன் உடனே தெரிவதில்லை? ரத்தத்தை நிறுத்த மின்சூடு வைக்கிறோம். பக்கத்தில் இருக்கும் குடலில் அந்தச் சூடு பட்டால் அந்த இடம் அன்றே ஓட்டையாகாது. சில நாள் கழித்து அந்தத் திசு செத்து உதிரும்போதுதான் ஓட்டை விழும். இன்னொன்றும் சொல்கிறேன். குடல் ஓட்டை என்றாலே கடும் காய்ச்சல், துடிக்கும் வலி என்று நினைப்போம். நுண்துளை ஆபரேஷனுக்குப் பிறகு அது அப்படி வராமலும் போகலாம். ஒரே ஒரு துளைப் பக்கம் மட்டும் வலி, வயிறு உப்பல், பேதி, சோர்வு, நாடி வேகம் என்று சத்தமில்லாமல் வரும். காய்ச்சல் இல்லை என்பதற்காக நிம்மதியாக இருக்காதீர்கள்.

இரண்டு வாரம் வரை, சிறுநீர்க் குழாய். சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய் சினைப்பைக்கு மிக அருகில் ஓடுகிறது. அதில் காயம் இருந்தால் விலாவில், முதுகுப் பக்கம் வலி வரும். காய்ச்சல் வரலாம். சிறுநீர் குறையலாம். பெண்ணுறுப்பு வழியாகத் தண்ணீர் மாதிரி கசிந்துகொண்டே இருக்கலாம். "வெள்ளைபடுதுன்னு நெனைச்சேன்" என்று வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். பாவாடை நனையும் அளவுக்குத் தண்ணீராக வந்தால் அது வெள்ளைபடுதல் இல்லை.

டெர்மாய்டு கட்டி எடுத்தவர்களுக்கு மட்டும் ஒன்று. கட்டிக்குள் இருக்கும் கொழுப்பு வயிற்றுக்குள் சிந்தினால் நன்றாகக் கழுவிவிடுவோம். அப்படியும் மிக அபூர்வமாக அது உறுத்தி வயிற்றுச் சவ்வில் அழற்சி வரும். வயிற்று வலியும் காய்ச்சலும் விடாமல் இருக்கும். வீடு திரும்பும் முன் "எனக்கு இருந்தது என்ன கட்டி? உடைஞ்சுதா, முழுசா வந்துதா?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

முதல் சில வாரங்கள், ரத்த உறைவு. ஒரு காலில் மட்டும் கெண்டைச் சதை வீங்கி, வலித்து, சூடாக இருந்தால் உடனே காட்டுங்கள். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் திடீரென்று மூச்சுத் திணறும், நெஞ்சு வலிக்கும். அதற்கு ஒரு நிமிடம்கூடத் தாமதம் கூடாது. இதைத் தடுக்க வழி எளிது: முதல் நாளிலிருந்தே வீட்டுக்குள் நடங்கள், தண்ணீர் குடியுங்கள். 'பச்சை உடம்பு' என்று பத்து நாள் படுக்கப் போட்டு வைக்காதீர்கள்.

மூன்று, நாலு வாரம் கழித்து, ஆறாத துளை. நன்றாக ஆறிவிட்டது என்று நினைத்த இடத்தில் சின்னக் கட்டி வரும், உடைந்து நீர் கசியும், மூடும், பக்கத்தில் இன்னொன்று வரும். சாதாரண ஆன்டிபயாடிக் கேட்காது. காசநோய்க் கிருமியின் சொந்தக்காரக் கிருமி ஒன்று, கருவிகள் சரியாகச் சுத்தமாகாதபோது இப்படி வரும். கடையில் மாத்திரை மாற்றி மாற்றி வாங்காதீர்கள், மஞ்சள் வைக்காதீர்கள், பிதுக்காதீர்கள். கசிவின் மாதிரியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். சரியான மருந்தைச் சில மாதம் விடாமல் சாப்பிட்டால் குணமாகும்.

எப்போது வேண்டுமானாலும், குடலிறக்கம். 10 மில்லிமீட்டர் துளை வழியாக, அதுவும் தொப்புள் பக்கம், இருமினால் ஒரு புடைப்பு தெரியும். இங்கேதான் வடசென்னைப் பெண்களுக்கு என் வேண்டுகோள். தண்ணி லாரி வந்ததும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். 15 லிட்டர் குடம் என்றால் 15 கிலோ. காசிமேட்டிலிருந்து மீன் கூடை தூக்குகிறவர்கள், கம்பெனியில் பெட்டி நகர்த்துகிறவர்கள், குறைந்தது நாலு முதல் ஆறு வாரம் பாரம் தூக்க வேண்டாம். புடைப்போடு வலியும் வாந்தியும் வந்தால் குடல் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பயாப்ஸி ரிப்போர்ட்டை மறக்காதீர்கள்

எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்புகிறோம். ஸ்கேனில் 'சாதாரணக் கட்டி' என்று தெரிந்தாலும், உறுதி செய்வது அந்த ரிப்போர்ட்தான். தையல் ஆறிவிட்டது, இனி எதற்கு என்று பலர் அதை வாங்கவே வருவதில்லை. மிகச் சிலருக்கு அதில் வேறு முடிவு வரும். அப்போது நாங்கள் கூப்பிட்டால் போன் எடுக்க ஆள் இருக்காது. பதிவேட்டில் பழைய நம்பர் இருக்கும், அல்லது கணவர் மாற்றிவிட்ட சிம் இருக்கும். சேரும்போதே இப்போது வேலை செய்யும் இரண்டு எண்களைக் கொடுங்கள்.

குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள், குறிப்பாகச் சாக்லேட் கட்டி இருப்பவர்கள், ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் பேசுங்கள். கட்டியை உரிக்கும்போது கொஞ்சம் சினைமுட்டை இருப்பும் குறையலாம். முன்கூட்டித் தெரிந்தால் எவ்வளவு எடுப்பது, எப்போது எடுப்பது என்று சேர்ந்து முடிவு செய்யலாம்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்?

நாடி, ரத்த அழுத்தம், மூச்சு பார்ப்பார்கள். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், தேவைப்பட்டால் சிடி ஸ்கேன் எடுப்பார்கள். எதிலும் தெளிவாகத் தெரியவில்லை, ஆனால் ஆள் நன்றாக இல்லை என்றால் அதே துளை வழியாக மறுபடி கேமரா விட்டுப் பார்ப்பார்கள். "இன்னொரு ஆபரேஷனா?" என்று கையெழுத்துப் போடத் தயங்காதீர்கள். சந்தேகத்தோடு காத்திருப்பதைவிடப் பார்த்துவிடுவது மேல். குடலில் சின்ன ஓட்டையைச் சீக்கிரம் பார்த்தால் பல சமயம் தையலோடு முடியும். சிறுநீர்க் குழாய்க் காயத்துக்குப் பல சமயம் உள்ளே ஒரு மெல்லிய ஸ்டென்ட் வைத்தால் போதும். ரத்த உறைவுக்கு ரத்தத்தை இளக்கும் ஊசியும் மாத்திரையும் உண்டு. இதற்கெல்லாம் வைத்தியம் இருக்கிறது. நேரத்தில் வந்து சேர்வதுதான் உங்கள் பங்கு.

போனைக் கையில் வைத்திருக்கிறீர்கள், பயன்படுத்துங்கள்

ஆபரேஷன் ஆன அன்றே டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, வீட்டில் இரண்டு பேர் போனில் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் காலையில் ஒரே வெளிச்சத்தில் துளைகளைப் போட்டோ எடுங்கள். சிவப்பு பரவுகிறதா என்று நேற்றைய படத்தோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். ஆனால் அந்தப் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு வைத்தியம் கேட்காதீர்கள்.

ஆபத்தான அறிகுறி என்றால் 108. இரவு பகல் எந்நேரமும் வரும், கட்டணம் இல்லை. பேசும்போது நாலு விஷயம் சொல்லுங்கள்: என்ன ஆபரேஷன், இன்று எத்தனையாவது நாள், நேற்றைவிட என்ன மோசம், நீங்கள் நிற்கும் இடத்தின் அடையாளம். குறுக்குச் சந்தில் வீடு என்றால் ஒருவர் மெயின் ரோட்டில் போய் நில்லுங்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை நமக்குத் தெரியாததா? ராத்திரி 'விடியட்டும்' என்று தள்ளிப்போடாதீர்கள். விடிந்தால் லாரியும் நிற்கும், நோயும் முற்றும். கிளம்பும்போது சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காதீர்கள். உடனே ஆபரேஷன் தேவைப்பட்டால் வயிறு காலியாக இருக்க வேண்டும்.

அவசரம் இல்லை, ஆனால் சந்தேகம் என்றால் 104 மருத்துவ உதவி எண்ணில் பேசலாம். முடிந்தவரை ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கே போங்கள். உள்ளே என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியும். அது தூரம், அல்லது அங்கே இரவில் டாக்டர் இல்லை என்றால் யோசிக்காதீர்கள். கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று நம் பாட்டிமார் சொன்ன ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. 1880-இல் ராயபுரத்தில் தொடங்கிய ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. "வெளியில செஞ்சுட்டு இங்க ஏன் வந்தீங்கன்னு திட்டுவாங்களோ" என்று பயந்து வராமல் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். யாராவது ஒரு வார்த்தை கடிந்து பேசினால்கூடப் பரவாயில்லை. உயிர் முக்கியம். வாருங்கள்.

செலவும் உரிமையும்

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. நோய் வந்த பிறகு அலையாமல் இப்போதே அட்டை எடுத்து வையுங்கள். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையம் போதும். சந்தேகங்களுக்கு இலவச எண் 1800 425 3993. எந்த ஆஸ்பத்திரி, எந்தச் சிகிச்சை திட்டத்தில் வருகிறது என்று சேரும் முன்பே அங்குள்ள காப்பீட்டு உதவியாளரிடம் கேட்டுவிடுங்கள்.

கம்பெனியில் வேலை செய்யும் பெண்களில் மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் பலருக்கு இஎஸ்ஐ இருக்கும். சிகிச்சை மட்டும் இல்லை, சந்தா நிபந்தனை நிறைவேறியிருந்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவித்தொகையாகவும் கிடைக்கும். "லீவு போட்டா சம்பளம் போயிடும்" என்று பத்தாம் நாளே பாரம் தூக்கப் போகும் பெண்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்று. உங்கள் மருத்துவப் பதிவேட்டின் நகலை நீங்கள் எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கான நடத்தை விதிகள் சொல்கின்றன. உள்நோயாளிகளின் பதிவேட்டை 3 ஆண்டுகள் பாதுகாக்கவும் வேண்டும். சிக்கல் வந்து வேறு ஆஸ்பத்திரிக்கு மாறும்போது ஆபரேஷன் குறிப்பு கையில் இருந்தால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம். சண்டை போடக் கேட்பதாக யாரும் நினைக்க வேண்டியதில்லை. சிக்கல் வந்தாலே டாக்டர் தப்பு செய்துவிட்டார் என்று அர்த்தம் இல்லை. எவ்வளவு கைதேர்ந்தவர் செய்தாலும் சிலருக்கு வரத்தான் செய்யும். ஆனால் வந்ததை மறைப்பதும், நோயாளி சொல்வதைக் காதில் வாங்காமல் 'ஒண்ணும் இல்ல' என்று திருப்பி அனுப்புவதும் தப்பு. அப்படி ஒரு முறை அனுப்பினால், இரண்டாம் முறை வாருங்கள். "நேத்தைவிட இன்னிக்கு மோசமா இருக்கு, எழுதிக்கோங்க" என்று சொல்லுங்கள். அந்த வாக்கியத்தைக் கேட்டால் எந்த மருத்துவரும் ஒரு நிமிடம் நின்று பார்ப்பார்.

முடிக்கும் முன்

வீட்டு ஆண்களுக்கு ஒரு வார்த்தை. 'அது பொம்பளைங்க சமாச்சாரம்' என்று ஒதுங்காதீர்கள். நாலு முதல் ஆறு வாரத்துக்குத் தண்ணி பிடிப்பதும் அரிசி மூட்டை தூக்குவதும் உங்கள் வேலை. தினமும் ராத்திரி வேலைக்குக் கிளம்பும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நேத்தைவிட இன்னிக்கு எப்படி இருக்கு?"

போன வருஷம் திருவொற்றியூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். ஆபரேஷன் ஆகி ஐந்தாம் நாள். வயிறு லேசாக உப்பல், அவ்வளவுதான். "நான் வரலைன்னுதான் சொன்னேன் டாக்டர், இவதான் இழுத்துக்கிட்டு வந்தா" என்று பக்கத்தில் நின்ற மகளைக் காட்டினார். எட்டாம் வகுப்பு படிக்கும் பெண். டிஸ்சார்ஜ் தாளை எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறாள். 'உடனே வரவும்'னு போட்டிருக்கு, அதான் என்றாள். ஸ்கேன் பார்த்தோம், சந்தேகமாக இருந்தது. அன்று மாலையே மறுபடி கேமரா விட்டுப் பார்த்தோம். குடலில் ஊசிமுனை அளவு ஒரு துளை. உள்ளே இன்னும் பெரிதாகப் பரவவில்லை. துளை வழியாகவே தைத்தோம். பை வைக்கவில்லை, வயிற்றைக் கிழிக்கவில்லை. ஒரு வாரத்தில் அந்த அம்மா நடந்து வீட்டுக்குப் போனார்.

எர்ணாவூர்ப் பெண்ணுக்கு வந்த அதே நோய். வித்தியாசம் ஒரு நாள்தான், அந்தத் தாளைப் படித்த ஒரு பிள்ளைதான். இன்று வீட்டுக்குப் போனதும் பீரோவில் இருக்கும் அந்தத் தாளை எடுத்துக் கடைசி இரண்டு வரியைச் சத்தமாகப் படியுங்கள். வீட்டில் எல்லோர் காதிலும் விழட்டும்.